சாவுக்குப் போகாத கிளாரினெட்

கடைக்காரர் டேரில் மூன்று கிளாரினெட்டுகளைக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

ஒரு வாரமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு கம்பெனி, பதினோரு கட்டம், ஒரு எக்செல் ஷீட். மரம் என்றால் நாதம் நல்லது, வெயிலில் வெடிக்கும். பிளாஸ்டிக் என்றால் வெடிக்காது, நாதம் தட்டை. நிக்கல் பூசிய கீ வழுக்கும், வெள்ளி பூசிய கீ வியர்வையில் கறுக்கும். ஒருத்தன் தைவான் என்கிறான். ஒருத்தன் ஜப்பானை விட்டால் வேறு கிடையாது என்கிறான். இன்னொருத்தன் மீரட்டே போதும், உடைந்தால் இங்கேயே ஒட்டிக்கொள்ளலாம் என்கிறான்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.காம். ஒரு குழலைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

"எது ரொம்ப நாள் தாங்கும்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற அப்பா சிரித்தார். "ஒரு பாட்டு வாசிக்கறதுக்கு இன்னாத்துக்கு பாப்பா இம்மாம் யோசன?"

ஒரே ஒரு பாட்டுதான். இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். பெண் மணவறைக்கு நடந்து வரும்போது அப்பா வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் சரி என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. சாவுக்குப் போன கிளாரினெட் மண்டபத்துக்குள் வரக்கூடாது.

அப்பாவின் அப்பாதுரை பேண்ட் செட்டை எங்கள் ஜீவனஹள்ளியில் தெரியாதவர் கிடையாது. வாரத்துக்கு நான்கு சாவு. மாதத்துக்கு ஒரு கல்யாணம் வந்தால் அதிகம். முப்பது வருடமாக இரண்டுக்கும் ஒரே கிளாரினெட். மேல் கட்டையில் விரிசல் விட்டு, நூல் சுற்றிப் பசை போட்டிருக்கிறார்.

ஊதுகிற வாய் அதே வாய். விரல் அதே விரல். அதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. குழல் மட்டும் ஆகாதாம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்ட அன்றைக்கே கத்தினேன். அப்பாதான், "இன்னொண்ணு வாங்கிட்டா போச்சு, வுடு" என்றார்.

சரி, வாங்குவதே வாங்குகிறோம். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து மழையிலும் வெயிலிலும் தெருவில் நிற்கப்போவது அதுதான். தாங்குமா என்று கேட்காமல் என்ன கேட்பது?

"ஊதிப் பாருங்க அங்கிள்" என்றார் டேரில்.

அப்பா சட்டைப்பையிலிருந்து, ஊதுகிற முனையில் பொருத்தும் தன் ரீடை எடுத்தார். என்னைப் பார்த்தார். அதுவும் சாவுக்குப் போனதுதான். திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடையிலேயே புதிதாக ஒன்று கேட்டு வாங்கிப் பொருத்தினார்.

அவ்வளவு கவனம்.

முதலில் மீரட். மூன்று நீண்ட சுரம், அப்புறம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். வீட்டில் ரீட் மாற்றினாலும் ஓட்டை மூடுகிற பேடு மாற்றினாலும் இதைத்தான் ஊதிப் பார்ப்பார். மேலிருந்து கீழ்வரை எல்லா ஓட்டையும் அதில் திறந்து மூடும். இதைக் கேட்டுக்கொண்டே பல் தேய்த்திருக்கிறேன். பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.

அடுத்து தைவான். அதையேதான் ஊதினார். கொஞ்சம் கனமாகக் கேட்டது. முதலாவது நல்லதா, இது நல்லதா? குழம்பிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது, ஜப்பான் பிளாஸ்டிக்.

பாதியில் வாசலில் நிழல் விழுந்தது. நடைபாதையில் பூ விற்கிற அம்மா. இரண்டு கை நிறைய உதிரிச் சாமந்தி. தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"யாரும்மா பூட்டாங்க? எந்தப் பக்கமா எடுத்துனு வராங்க?"

அப்பாவின் விரல் அப்படியே நின்றது.

உடலைத் தூக்கும்போது வாசிக்கிற மெட்டு அது. எனக்குத் தெரியாதா? தெருவில் நூறு முறை கேட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் அது எங்களுக்கு ரீட் பார்க்கிற மெட்டு, அவ்வளவுதான்.

அப்பா குழலை வாயிலிருந்து எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார்.

"கை தானா பூட்ச்சு பாப்பா."

கடையில் இருந்ததே மூன்று. கடை வாசலைத் தாண்டாமலே மூன்றும் சாவுக்குப் போய்வந்துவிட்டன.

டேரிலுக்கு எதுவும் விளங்கவில்லை. "ட்யூன் சக்கத்தா இருக்கு, சூப்பர் அங்கிள். கல்யாணத்துல இதையே வாசிச்சுடுங்க" என்றார்.

எனக்கு வந்தது சிரிப்பா, அழுகையா, கோபம் என்றால் யார்மேல், ஒன்றும் தெரியவில்லை. எக்செல் ஷீட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

"அப்பா கையில இருக்கறதையே பேக் பண்ணுங்க" என்றேன்.

"அவங்க கேட்டா?" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

"புதுசுதான்பா. பில் இருக்கு."

அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூக்கார அம்மா நகரவில்லை. "அப்போ சாவு இல்லியா?"

"இல்ல. கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்கு."

அந்த அம்மா தன் கையிலிருந்த பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அத்த மொதல்ல சொல்றதில்ல? உதிரி எதுக்கு உனக்கு. கட்னது கொண்டாறேன், இரு."