குரோமைத் தொடாதே

"குரோமைத் தொடாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது உனக்கு?"

மாமனார் தணிகாசலம் போட்ட சத்தத்தில் ரேவதியின் கை மவுஸை விட்டு விலகியது.

"காலேஜ்லேர்ந்து எனக்கு அதான் மாமா பழக்கம்."

"பழக்கமாவது ஒண்ணாவது! கம்ப்யூட்டர் பழசு, மூச்சு வாங்குது. ஃபயர்பாக்ஸ் இருக்குதில்ல? அதுல பாரு."

அவரே மவுஸைப் பிடுங்கி ஃபயர்பாக்ஸைத் திறந்து வைத்தார். அவள் டைப் அடிக்க ஆரம்பிக்கும்வரை பின்னாலேயே நின்றார்.

ஹாலில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. அவளுடைய போனைப் பொங்கலன்று குரு சுவரில் அடித்து உடைத்திருந்தான். கூப்பிட்டவுடனே எடுக்கவில்லையாம்.

குரு அவள் புருஷன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அடிப்பதற்கு அவனுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். குழம்பில் உப்பு. வாசலில் யாரிடமோ சிரித்தது. அடி விழ ஆரம்பித்ததும் தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விடுவார். சத்தம் அடங்கின பிறகுதான் வீட்டுக்குள் வருவார்.

முசரவாக்கத்தில் அம்மா இருக்கிறாள். "கட்டிக் குடுத்தாச்சு, இனிமே அதான் உன் ஊடு" என்று சொல்லிவிட்டாள்.

மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு தீபிகா கேட்டாள்.

"இன்னாக்கா, காலையில உங்க ஊட்ல ஒரே சத்தம்?"

"குரோம்ல பாக்கக் கூடாதாம். ஃபயர்பாக்ஸ்லதான் பாக்கணுமாம்."

"எங்க ஊட்ல எட்ஜு. கம்ப்யூட்டரோட வந்துச்சு, அதையே வச்சிக்கினு இருக்கோம். நீ எதுல பாத்தா அவருக்கு இன்னாவாம்?"

ரேவதி குரலைத் தாழ்த்தினாள். "நான் எழுந்ததும் அவரு வந்து உக்காந்துக்கிறாரு தீபிகா. நேத்து சமையக்கட்டுலேர்ந்து பாத்தேன். நான் பாத்ததையெல்லாம் வரிசையா எடுத்து வச்சிக்கினு படிக்கிறாரு."

"ஹிஸ்டரியா? சரியாப் போச்சு! புள்ளைக்கு உளவு பாக்குறாருக்கா. அவருக்குத் தெரிஞ்சது ஃபயர்பாக்ஸ். அதுல நீ பாத்தாத்தான தோண்டி எடுக்க முடியும்?"

ரேவதி கையிலிருந்த துணியைத் திரும்ப வாளியில் போட்டாள்.

"ஐயோ, அதுல நான் லேடீஸ் ஹாஸ்டல் தேடிக்கினு இருந்தேனே!"

"இனிமே கெழவரு இல்லாத நேரமாப் பாத்து குரோம்ல தேடு. அவருதான் அதைத் தொடவே மாட்டாரே."

மறுநாள் தணிகாசலம் ரேஷன் கடைக்குப் போனார். ரேவதி கதவைச் சாத்திவிட்டு குரோமைத் திறந்தாள். 'கணவன் அடித்தால் எங்கே புகார் கொடுப்பது' என்று டைப் அடித்தாள். வந்ததையெல்லாம் படித்தாள். மாமா பார்க்காத இடம்தானே என்று எதையும் அழிக்காமல் எழுந்து போனாள்.

உலை கொதிக்கும்போது வாசலில் பைக் சத்தம். குரு!

ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் போன். போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"புகார் குடுக்கப் போறியாடி?"

அவள் அடித்த வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல் அதில் இருந்தன.

மாமாதான் சொல்லியிருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. ஹெல்மெட்டோடு கை மேலே போனது.

"அவ இல்லடா!"

அரிசிப் பையோடு தணிகாசலம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் தேடுனேன்."

"நீயா நைனா? நீ யாரு மேல புகார் குடுக்கப் போற?"

"உம்மேலதான்."

ஹெல்மெட் அவர் முகத்தில் இறங்கியது. கிழவர் சுவரோடு சரிந்தார். பை கிழிந்து அரிசி கூடமெங்கும் சிதறியது. ரத்தத்தைப் பார்த்ததும் குரு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு ஹெல்மெட்டை வீசி எறிந்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ரேவதி தண்ணீர் கொண்டுவந்தாள். கிழவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். ஒரு பல்லும் சேர்ந்து வந்தது.

"துணிமணியை எடுத்துக்கினு கெளம்பும்மா. மகளிர் ஸ்டேஷனுக்குப் போலாம்."

"சட்டையையாவது மாத்திக்கங்க மாமா."

"வேணாம். இந்த ரத்தத்தோட போனாத்தான் நம்புவாங்க."

ஆட்டோவில் போகும்போது அவள் கேட்டாள். "நீங்க சொல்லலைன்னா அவருக்கு எப்படி மாமா தெரிஞ்சுது?"

"குரோம்ல அவன் அக்கவுன்டைப் போட்டு வச்சிக்கிறான். அதுல நீ தேடுறதெல்லாம் அவன் போன்ல வந்து நிக்கும். ஒருநாள் என்கிட்டயே காட்டி சிரிச்சான்."

"அப்ப ஃபயர்பாக்ஸ்ல நான் பாத்ததை உக்காந்து படிச்சீங்களே?"

"படிச்சேன். படிச்சிட்டு தெனமும் அழிச்சேன். அவன் அதையும் தொறந்து பாத்துட்டான்னா?"

ரேவதிக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும் வந்தது.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா? எத்தினி அடி மிச்சமாயிருக்கும்!"

அவர் துண்டால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தவனாச்சே, வாய் வரலம்மா. அவன் மேல போட வேண்டிய பழியை குரோம் மேல போட்டுக்கினு இருந்தேன்."