பக்கத்து வீட்டுக்காரர் புகார்

சைபர் குற்றப் புகார் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பெஞ்சில் பிளம்பர் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

திரும்பிப் போகவும் வழியில்லை. மனைவியின் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் நேற்று மாலை பேங்கிலிருந்து காணாமல் போயிருந்தது. இன்று பன்னிரண்டு மணிக்குள் புகார் பதியச் சொல்லி பேங்கில் அனுப்பியிருந்தார்கள்.

"வாங்க சம்பந்தி! நீங்க எங்க இங்க?" என்றார் பிளம்பர்.

"பக்கத்து வீட்டுக்காரர் பணத்தை எவனோ அடிச்சுட்டான். பாவம், அவருக்காக வந்தேன். நீங்க?"

"நானும் ஒருத்தருக்காகத்தான்."

வகையாக மாட்டிக்கொண்டார் மனுஷன் என்று தையல்காரருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஆறு மாதப் பகை அது. போனில் ஆப் வாங்க போன் கம்பெனியின் கடை ஒன்றுதான் என்றிருந்தது மாறி, யார் வேண்டுமானாலும் ஆப் கடை போடலாம் என்று சட்டம் வந்தது. பிளம்பர் மறுநாளே ஒரு புதுக் கடைக்குத் தாவினார். பேத்தியைப் பார்க்கப் போன இடத்தில் பேச்சு முற்றிவிட்டது.

"கண்டவனும் கடை விரிச்சா திருடன் வராம என்ன செய்வான்? இதைப் பாருங்க, கரண்ட் பில் கட்டற ஆப். பெரிய கடையில சோதிச்சுக் கொடுத்தது!"

"ஒரே கடைன்னா அவன் வச்சதுதான் சட்டம் சம்பந்தி. ஊசியை ஒரே கடையிலதான் வாங்கணும்னா சும்மா இருப்பீங்களா?"

தையல்காரரின் பணத்தைத் தின்றது அந்தக் கரண்ட் பில் ஆப்தான். இது மட்டும் வெளியே தெரிந்தால் மகள் வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது?

"நாற்பத்தொண்ணு!"

அவருடைய எண்தான். ஆனால் கவுண்டர் முதல் பெஞ்சுக்கு இரண்டடி தள்ளி. தும்மினால்கூடச் சம்பந்தி காதில் விழும். தையல்காரர் அசையவில்லை.

"நாற்பத்தொண்ணு இருக்காரா, தூங்கிட்டாரா?"

மணி பதினொன்றே முக்கால்.

பிளம்பர் அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். எழுந்தார். "தலையை வலிக்குது, ஒரு டீ குடிச்சுட்டு வரேன். நீங்க உங்க பக்கத்து வீட்டுக்காரர் வேலையைப் பாருங்க."

அவர் வெளியே போனதும் தையல்காரர் கவுண்டருக்குப் பாய்ந்தார்.

"எந்த ஆப்?" என்றார் அதிகாரி அம்மா.

காட்டினார். "கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம்."

"இப்ப வெளியே போனாரே, அவருக்கும் இதேதான். புதுக் கடையில வாங்கியிருக்கார். ஒரே திருடன் ரெண்டு கடையிலயும் சரக்கு வச்சிருக்கான்."

தையல்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப அவரும் ஏமாந்தாரா!"

"போன வாரமே ஏமாந்தார். உடனே வந்து சொன்னார். அதனாலதான் அந்தத் திருடன் கணக்கிலேர்ந்து பணம் எடுக்க முடியாம முடக்கினோம். உங்க பணமும் அதுக்குள்ளதான் நிக்குது, திரும்பி வந்துடும். அவருக்கு நேத்தே வந்துடுச்சு. புதுக் கடைக்காரனும் அந்த ஆப்பைத் தூக்கிட்டான்."

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு வந்து உட்கார்ந்திருக்கார்?"

"'பெரிய கடையில இன்னும் தூக்கலை, என் சம்பந்தி அங்கதான் வாங்குவார். நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்க சொல்லித் தூக்க வைங்க'ன்னு காலையிலேர்ந்து என் உயிரை எடுத்துக்கிட்டு இருக்கார்."