மாறிப்போன காஜா

“கை வரலைன்னு மாத்திரைக்கு வந்தேன். பக்கத்து ரூம்ல உக்காரவச்சு, சட்டைப் பட்டனைப் போடுங்கிறாங்க! நாப்பது வருஷத் தையல்காரன்கிட்ட!” என்று சுகாதார நிலைய டாக்டரிடம் பொரிந்து தள்ளினார், பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்திருந்த தையல்காரர்.

“அவங்க புதுசா நம்ம டீம்ல சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அன்றாட வேலையை நீங்களே செய்யப் பழக்குவாங்க.”

“முதல்ல உங்களுக்குப் பழக்கச் சொல்லுங்க. மேல் பட்டனை அடுத்த காஜாவுல மாட்டியிருக்கீங்க!”

டாக்டர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

“போன வருஷம் எனக்கும் பக்கவாதம்தான். பெரிய ஆஸ்பத்திரியில இவங்கதான் பழக்கினாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா, வீட்டுக்காரியைக் கூப்பிடாம நானே போட்டுக்கிட்டு வந்தேன்.”

டாக்டரின் பட்டனைச் சரிசெய்ய நீட்டிய இடது கையை மடக்கிக்கொண்டு, தையல்காரர் பக்கத்து அறைக்கே திரும்பினார்.