விசிலுக்கு நடுவே ஒரு விக்கல்

அவரவர் காதுக் கருவியில் அவரவருக்கென்றே புதுப்பாட்டு பிறந்து, ஒரே ஒருமுறை ஒலித்து, அழிந்துபோகிற காலம் அது. ஒருவர் கேட்ட பாட்டை இன்னொருவர் கேட்டதேயில்லை. அன்று சுரங்க ரயில் பாதி வழியில் நின்றதும் எல்லார் காதிலும் பாட்டு சட்டென்று நின்றுபோனது.

பயத்தை மறைக்க, ஜன்னலோரப் பெண்மணி ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். எதிரே இருந்த தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய சினிமாப் பாட்டு. அதில் விசிலடித்தவர் அவர்தான்.

"ஐயோ, இது எங்கம்மா பாடுவாங்களே!" என்று ஒருவர் சேர்ந்துகொண்டார். "எங்க ஊரு மினி பஸ்ல தெனம் போடுவான்!" என்று இன்னொருவர். பல்லவி முடிவதற்குள் பெட்டி முழுக்கப் பாடியது.

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து விசில். ஒலிப்பதிவன்று அதன் நடுவே அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது. திரும்பப் பதிவுசெய்ய நேரமில்லை என்று அப்படியே விட்ட இசையமைப்பாளர், பிறகு அவரைக் கூப்பிடவேயில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை.

உதட்டைக் குவித்து அத்தனை பேரும் விசிலடித்தார்கள். சரியாக அந்த இடத்தில், அறுபது பேரும் ஒன்றாக, "ஹிக்!"

பெட்டியே சிரிப்பில் குலுங்கியது. "இந்த எடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேப்பேங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்தப் பெண்மணி.

ரயில் நகர்ந்தது. காதுகளில் மறுபடி புதுப்பாட்டு கிளம்ப, ஆளாளுக்குக் கருவியைப் பிடுங்கிப் பையில் போட்டார்கள்.

தேவசகாயம் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார். "விக்கலை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க. அது என்னோடது."