ரிவர்ஸ் விளக்கு எரியவில்லை

“நாமக்கல்லுல இருந்து நல்லாத்தான் வந்துச்சு. டில்லிக்குள்ள நுழைஞ்சதும் போயிருச்சு. நீ போட்ட ஒயர்தானே, மிஸ்திரி! வேலை தெரியாதவனெல்லாம் எதுக்குக் கடை திறக்கணும்?”

லாரி ஓட்டுநர் பச்சைமுத்துவின் குரல் டிரான்ஸ்போர்ட் நகரின் அந்த வரிசைக் கடைகள் அனைத்துக்கும் கேட்டது. தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்கள் தமிழ் புரியாவிட்டாலும் திரும்பிப் பார்த்தனர்.

கடைக்காரனான ஒயரிங் மெக்கானிக் கதிரவன் சோதனை விளக்கை எடுத்துக்கொண்டு, பழைய லாரியின் அடியில் சாக்கை விரித்துப் படுத்தான். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் விளக்கு எரிய வேண்டும். ஒலிப்பான் ஒலிக்க வேண்டும். இரண்டும் இல்லை. கியர் பாக்ஸிலிருந்து மேலேறும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான்.

இது முதன்முறையன்று. சரக்கு ஏற்றித் தில்லிக்கு வரும்போதெல்லாம் அதே லாரிக்கு அதே பழுது.

பச்சைமுத்து வெறும் வாடிக்கையாளரும் அல்லர், கதிரவனின் மாமனார். தம் விருப்பத்தை மீறி அவனை மணந்து தில்லிக்கு வந்துவிட்ட மகளின் வாசற்படியை மிதிப்பதில்லை என்று உறவினர் முன்னிலையில் சபதம் செய்தவர். மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

நண்பகலில் அந்த மகள் பிரியதர்ஷினி, கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கூடவே வந்த குழந்தை துள்ளியது.

“மம்மி! ட்ரக்வாலே அங்கிள் ஃபிர் ஆ கயே!”

லாரிக்கார அங்கிள் மறுபடியும் வந்துவிட்டாராம். பச்சைமுத்து முகத்தைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, லாரியின் அடியில் குனிந்தார்.

“மிஸ்திரி, அந்தப் பாப்பாவுக்குத் தமிழ் வராதா?”

“வீட்டுல பேசுவா. வெளியில எல்லாம் இந்திதான்.”

“பேரு என்ன?”

“மானசா. போன தடவையும் கேட்டீங்க.”

“ஊர் ஊராச் சுத்தறவன். எல்லார் பேரும் ஞாபகம் இருக்குமா?”

பிரியதர்ஷினி கணவனைக் கடைக்குள் அழைத்தாள்.

“எங்கப்பாவை வேற கடைக்கு அனுப்பிருங்க. தெரு முழுக்கக் கடை இருக்கு. நாலு பேர் முன்னாடி உங்களைக் கேவலப்படுத்தணும்னே இங்க வர்றார். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினாரா? இனிமே வரவேண்டாம்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்” என்றான் கதிரவன்.

மீதி வேலையை லாரிக்குள் ஏறி, ஓட்டுநர் இருக்கையருகே அமர்ந்து முடித்தான்.

பச்சைமுத்து ஏறி ரிவர்ஸ் கியரைப் போட்டார். விளக்கு எரிந்தது; ஒலிப்பான் அலறியது. மானசா கைதட்டிக் குதித்தாள். அவள் குதித்து ஓயும்வரை அவர் கியரை மாற்றவில்லை.

“இதாவது அடுத்த டிரிப் வரைக்கும் தாங்குமா, மிஸ்திரி?”

கதிரவன் கதவருகே சென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“தாங்கும், மாமா. இனிமே இந்த வயசுல, கொதிக்கிற கியர் பாக்ஸுக்கு அடியில படுத்து ஒயரை அறுக்காதீங்க. உங்க சீட்டுக்குக் கீழேயே ஒரு கனெக்டர் வச்சிருக்கேன். டில்லி வந்ததும் கையால இழுத்துவிட்டாப் போதும்.”