சொந்தச் செலவில் ஒரு சார்ஜர்

திருடப்போகும் காருக்குக் கைக்காசைப் போட்டு சார்ஜர் வாங்க வேண்டிவரும் என்று இசக்கிமுத்து கனவிலும் நினைத்ததில்லை. தொழிலுக்கு வந்து எட்டு வருடம். இதுவரை ஸ்பேனரைக்கூட அவன் இரவல்தான் வாங்கியிருக்கிறான்.

திருப்பூர் ராயபுரத்தில் இருந்த அந்தப் பழைய பனியன் கம்பெனிக்கு அவன் வாட்ச்மேனாக வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அனுப்பிவைத்த செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர் நல்ல மனிதர். அவன் மேல் இருந்த இரண்டு கார் திருட்டுக் கேஸ்களைப் பற்றி முதலாளியிடம் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலாளி செல்வக்குமார் அவிநாசி ரோட்டில் புதுக் கம்பெனி கட்டிக்கொண்டு போய்விட்டார். இங்கே மிச்சம் இருந்தவை ஓடாத தையல் மிஷின்களும் ஒரு பெரிய காரும்தான். ரிஜெக்ட் ஆன பனியன் துணியில் உறை தைத்துக் காரை மூடியிருந்தார்கள்.

செல்வக்குமாரைப் போல ஒரு வெகுளியை இசக்கிமுத்து பார்த்ததே இல்லை. முதல் நாளே கார் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று காட்டினார். ஆர்.சி. காருக்குள்ளேதான் கிடக்கிறது என்றார். தாராபுரத்தில் ஒரு புரோக்கர் கேள்வியே கேட்காமல் இந்த மாதிரிக் கார்களை வாங்கிக்கொள்கிறாராம், காலம் கெட்டுவிட்டது என்று வருத்தப்பட்டார்.

"நின்னு நின்னு பேட்டரி டவுனாயிருச்சு கண்ணு. அதனாலதான் இன்னும் இங்கயே நிக்குது. இல்லீன்னா எவனாச்சும் ஓட்டீட்டுப் போயிருப்பான்" என்று சிரித்தார்.

புரோக்கரின் பெயரை இசக்கிமுத்து பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

இதுதான் கடைசித் திருட்டு. காரை விற்றால் ஒரு ஆட்டோ வாங்கிவிடலாம். அவன் இந்தத் தொழிலை விட்டால்தான் வருவேன் என்று மனைவி ஜோதிகா கைக்குழந்தையோடு கோவில்பட்டியில் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்து நாலு மாதமாகிவிட்டது. திருட்டை விடுவதற்காக ஒரே ஒரு தடவை திருடலாம் என்று அவன் மனசாட்சி சொல்லிவிட்டது. அது எப்போதுமே கொஞ்சம் அனுசரித்துப் போகிற மனசாட்சி.

நாளும் குறித்துவிட்டான். ஆயுத பூஜை அன்று திருப்பூரில் ஓடுகிற வண்டியெல்லாம் மாலையும் சந்தனமுமாகத்தான் ஓடும். வாழைக்கன்று கட்டிய காரை எந்தப் போலீஸ்காரரும் மறிக்கமாட்டார். அவரே ஜீப்புக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று காலையில் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியாக வேண்டும்.

பேட்டரிக் கடை ஜமால் பாய் மூன்று சார்ஜர்களை எடுத்து வைத்தார். மலிவானதற்கு நிறுத்தத் தெரியாது, ஏற்றிக்கொண்டே இருந்து பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும் என்றார். பெரியது ஒர்க்‌ஷாப்காரர்கள் வாங்குவது. நடுவில் இருந்த சின்னப் பெட்டி சொட்டுச் சொட்டாக ஏற்றும். நிறைந்ததும் தானே நிற்கும், குறைந்தால் தானே ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம்.

விலையைக் கேட்டதும் இசக்கிமுத்துவின் கை மலிவானதன் பக்கம் நகர்ந்தது.

"அதை வாங்கினீங்கன்னா அடுத்த மாசம் புது பேட்டரிக்கு வரோணுங்க" என்றார் ஜமால் பாய். "ஏனுங்க, முதலாளிகிட்டச் சொன்னா வாங்கித் தரமாட்டாருங்களா?"

"அவியளுக்கு எதுக்கு பாய் செரமம்?"

ஜமால் பாய் நெகிழ்ந்துபோனார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வாட்ச்மேனா என்று நூறு ரூபாய் குறைத்தார். அப்படியும் சம்பளத்தில் கால்வாசி போனது.

சிவப்புக் கிளிப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டினான். மூன்றாம் நாள் பச்சை விளக்கு எரிந்தது. அன்றைக்கு அவன் டீயோடு ஒரு பஜ்ஜியும் சாப்பிட்டான்.

அதன்பிறகு காரின் மேல் அவனுக்குப் பாசமே வந்துவிட்டது. எலி கடித்த ஒயர்களை மாற்றினான், சீட்டைத் துடைத்தான், பாலிஷ் போட்டான். டயர்கள் நாலும் புத்தம்புதிதாக இருந்ததைப் பார்த்தபோது, தெய்வமே தன் பக்கம் நிற்பதாக நினைத்தான்.

ஆயுத பூஜை காலையில் சார்ஜர் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, காருக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு நல்ல சட்டை போட்டான். சாவியை எடுக்க ஆணியை நோக்கிக் கை நீட்டியபோது கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது.

பட்டு வேட்டியில் செல்வக்குமார் இறங்கினார். இசக்கிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது.

அவர் மாலை போட்ட காரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். புதுக் கம்பெனியில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி பூஜை போடப்போவதாகச் சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது. எலுமிச்சம்பழங்கள் நாலும் அழகாக நசுங்கின.

கேட்டருகே நிறுத்தி, ஒரு பை பொரியும் கழுத்துத் தையல் கோணலான ஒரு பனியனும் கொடுத்தார். "சார்ஜர் அங்கயே மாட்டியிருக்கட்டும் கண்ணு" என்றார்.

சார்ஜரைப் பற்றி இவரிடம் யார் சொன்னது என்று இசக்கிமுத்து விழித்துக்கொண்டு நிற்கும்போதே, அவர் ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டார்.

"போனவாட்டி வந்து டயர் மாத்துனவரும் சரி, இந்தப் பேட்டரி பாத்தவரும் சரி, தங்கமான ஆளுங்க. அடுத்தவாட்டி கார் திருட்டுக் கேஸ் இருக்கறவரை அனுப்பறப்ப, கொஞ்சம் ஏசி வேலை தெரிஞ்சவராப் பாத்து அனுப்புங்க."