பட்டியில் ஐந்து பிரவுனிகள்

சனிக்கிழமை என்பதால் இலோய்லோ நகராட்சியின் நாய்ப்பட்டியைப் பதினொரு மணிக்கே பூட்டிவிடுவார்கள்.

நெலியா வந்து இறங்கியபோது பத்தரை தாண்டியிருந்தது. கொழுந்தன் டிரைசைக்கிளின் மோட்டாரை அணைக்காமல் வெளியே காத்திருந்தான்.

சாவிக் கொத்தோடு ரெமிஹியோ எழுந்து வந்தார். தெருவில் பிடிபட்ட நாய்களுக்கு அவர்தான் காவல். எந்தப் பெண் வந்தாலும் அவருக்கு 'மனாங்', அதாவது அக்கா.

"திங்கக்கிழம காலைல ஊசி போட டாக்டர் வந்துடுவாரு, மனாங். அதுக்கப்புறம் வந்து அழுது புண்ணியமில்ல. பேரு என்ன?"

"பிரவுனி."

அவர் திரும்பி, கூண்டுகளைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். ஐந்து நாய்கள் எழுந்து நின்றன.

"இலோய்லோவுல செவலையாப் பொறந்ததெல்லாம் பிரவுனிதான்."

நெலியா சிரிக்கவில்லை. நின்றபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தாள்.

"தலைகூடச் சீவாம ஓடி வந்திருக்கியே. அவ்வளவு பாசமா?"

அவள் கூண்டுகளை எட்டிப் பார்த்தாள்.

குடிக்கும்போது தொட்டுக்கொள்ள நாய்க்கறி தேடி வருகிறவர்களும் 'என் நாய்' என்றுதான் சொல்வார்கள். அதனால் ரெமிஹியோ ஒரு வழக்கம் வைத்திருந்தார். வந்தவர் வாய் திறக்காமல் கூண்டுகளை ஒட்டிக் கடைசிவரை நடக்க வேண்டும். நாய் எழுந்து வந்தால் அவருடையது. வராவிட்டால் இல்லை.

அவள் நடந்தாள்.

நாய்கள் கம்பிகளில் ஏறி நின்று குரைத்தன. ஒரு குட்டி அவள் பாவாடை நுனியைக் கவ்வியது. விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

கடைசிக் கூண்டின் மூலையில் பிரவுனி படுத்திருந்தது. கிழிந்த காது. வயதாகி நரைத்த மோவாய்.

அவளைப் பார்த்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

அது அவள் கணவருடைய நாய். சட்டைக்குள் வைத்து அவர் கொண்டுவந்தது. அவர் கட்டிலுக்கடியில் தூங்கும், அவர் தட்டிலிருந்து மீன் தின்னும். உண்ணி மருந்து போட்டுக் குளிப்பாட்டுவது, வாயைப் பிளந்து பூச்சி மாத்திரையைத் திணிப்பது, மூத்திரம் துடைப்பது, விளக்குமாற்றோடு துரத்துவது எல்லாம் அவள்.

அது காணாமல் போனதும் அவளால்தான். வீடு நிறைய ஆட்கள். சீட்டாட்டம், காப்பி, சிகரெட். போகிறவர்களை வழியனுப்ப அவள் எழுந்து போகவில்லை. கடைசியாகப் போனவர் கேட்டைச் சாத்தவில்லை.

"உன் நாய் இல்லயே, மனாங்."

"அவரோட நாய்."

"அப்ப அவர அனுப்பு. வாலாட்டுதான்னு பாப்போம்."

"அவரால வர முடியாது."

"ஏன், நேத்து ராத்திரி சரக்கு ஜாஸ்தியா?"

நெலியா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்கையில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள்.

வெளியே ஹாரன் அடித்தது.

ரெமிஹியோ சாவிக் கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டார். "சட்டம்னா சட்டந்தான், மனாங். நாளைக்கு எவனாவது வந்து என் நாயத் தின்னுட்டான்னு கேட்டா, நான்தானே பதில் சொல்லணும்?"

அவள் கூண்டின் பக்கம் குனிந்தாள்.

"ஏய். உன்னத்தான். தொடைக்கத் தொடைக்க அதே எடத்துல அடிச்சு வச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கியா? எந்திரி. எந்திரின்னா எந்திரிக்கணும். எத்தன தடவ சொல்றது?"

பிரவுனியின் காதுகள் தாழ்ந்தன.

வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. கம்பியருகே வந்து, மூக்கை அவள் செருப்பில் வைத்தது. பயத்தில் கொஞ்சம் மூத்திரமும் விட்டது.

ரெமிஹியோ பூட்டைத் திறந்தார்.

"பேசக் கூடாதுன்னேன். பரவால்ல, கூட்டிட்டுப் போ. தெனம் திட்டு வாங்குறவன் மூஞ்சி எனக்குத் தெரியும். என் வீட்டுக் கண்ணாடில பாக்குறதுதானே."

கழுத்தில் கயிறு கட்டிக்கொடுத்தார். அவள் தலையசைத்தாள்.

வாசலைத் தாண்டியதும் வெயில். பிரவுனி டிரைசைக்கிளைப் பார்த்து நின்றது. வாலை ஒருமுறை ஆட்டியது. இருக்கையிலிருந்து யாரும் இறங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

அவள் இழுத்தாள். அது அசையவில்லை.

"அண்ணி, நேரமாச்சு," என்றான் கொழுந்தன். "தூக்கிப் போட்டுறட்டுமா?"

"வேணாம்."

இரண்டாம் முறை இழுக்க அவளிடம் தெம்பில்லை. கயிற்றை விட்டுவிட்டுப் புழுதியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இத்தனை வருடங்களில் அதைத் தொட்ட போதெல்லாம் கையில் சோப்போ மாத்திரையோ இருந்திருக்கிறது. இப்போது வெறும் கையை அதன் முதுகில் வைத்தாள்.

நாய் அந்தக் கையை முகர்ந்தது. நெடுநேரம் முகர்ந்தது.

"எந்திரிடா. உனக்காகத்தான் அவர இன்னும் எடுக்காம வச்சிருக்காங்க."